எந்தச் சென்சார் யாருக்கு? கையில் ஒட்டும் சர்க்கரைக் கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறை

திருச்சியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பிக்கிறேன். பதினோரு வயதிலிருந்து எனக்கு முதல் வகை நீரிழிவு. சாப்பாட்டுக்கு மூன்று, படுக்கும் முன் ஒன்று என்று அன்றாடம் நான்கு முறை இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். என் மேல்கையின் பின்புறம் ஒட்டியிருக்கும், சர்க்கரையை அளக்கும் சென்சார் வட்டத்தைப் பார்க்கும் மாணவர்களின் பெற்றோர், சக ஆசிரியர்கள், பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்காருபவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "டீச்சர், இதில் எந்தக் கம்பெனி நல்லது?"

நான் உடனே கம்பெனி பெயரைச் சொல்வதில்லை. "இன்சுலின் போடுகிறீர்களா, மாத்திரை மட்டும்தானா? ராத்திரி தூக்கத்தில் சர்க்கரை இறங்கினால் உங்களை எழுப்ப வீட்டில் யார் இருக்கிறார்கள்?" என்று திருப்பிக் கேட்பேன். இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால் பாதித் தேர்வு முடிந்துவிடும். ஒரு சென்சார் ஏறத்தாழ ஐந்தாயிரம் ரூபாய், மாதத்துக்கு இரண்டு என்றால் பத்தாயிரம். ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு இது வீட்டு வாடகை. அதனால்தான் விளம்பரத்தைப் பார்த்து வாங்காதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் மன்றாடுகிறேன்.

கருவி எதை அளக்கிறது?

எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான ஒன்றை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். சென்சார் இரத்தத்தை அளப்பதில்லை. தோலுக்கு அடியில் நுழையும் மெல்லிய இழை, செல்களுக்கு இடையில் இருக்கும் திரவத்திலுள்ள குளுக்கோஸை அளக்கிறது. பெரும்பாலான சென்சார்களின் இழைமேல் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி பூசியிருக்கும். குளுக்கோஸ் அதோடு வினைபுரியும்போது உண்டாகும் சிறிய மின்னோட்டத்தைத்தான் கருவி எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. இரத்தத்தில் ஏறும் இறங்கும் சர்க்கரை அந்தத் திரவத்துக்கு வந்து சேர ஐந்து முதல் பதினைந்து நிமிடம் பிடிக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது இந்தத் தாமதம் தெரியாது. சாப்பிட்ட பிறகும், வேகமாக நடந்த பிறகும், சர்க்கரை சரசரவென்று இறங்கும்போதும் நன்றாகவே தெரியும்.

இதில் உயிரோடு தொடர்புடைய விஷயம் ஒன்று உண்டு. சர்க்கரை 58க்கு இறங்கிவிட்டது, மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் சென்சார் இன்னும் 55 என்று காட்டும். பதறிப்போய் மறுபடி சர்க்கரை, அதற்குமேல் ஒரு வாழைப்பழம், இரண்டு பிஸ்கட் என்று சாப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் 280ல் போய் நிற்கும். சர்க்கரை குடித்த பிறகு பதினைந்து நிமிடம் பொறுத்து, விரலில் குத்தி குளுக்கோமீட்டரில் பாருங்கள். (இங்கே வரும் எண்கள் எல்லாம் நம் ஊர் மீட்டர்கள் காட்டும் அதே அலகில், அதாவது டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்.) எந்தச் சென்சார் வாங்கினாலும் குளுக்கோமீட்டரையும் ஸ்ட்ரிப்பையும் வீட்டில் வைத்திருங்கள். உடம்பு சொல்வதும் சென்சார் சொல்வதும் ஒத்துப்போகாத நேரத்தில் விரல் சொல்வதைத்தான் நம்ப வேண்டும்.

மூன்று வகை

முதல் வகை மருத்துவமனையில் ஒட்டி அனுப்புவது. ஃப்ரீஸ்டைல் லிப்ரே புரோ இந்த வகை. பதினான்கு நாள் கையில் இருக்கும். அன்றாட எண் உங்களுக்குத் தெரியாது. திரும்பப் போகும்போது மருத்துவர் தன் கருவியால் படித்து வரைபடமாக அச்சிட்டுக் கொடுப்பார். மாத்திரை மட்டும் சாப்பிடுபவர்கள், மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி ஏன் குறையவில்லை என்று புரியாமல் இருப்பவர்கள் இதில் தொடங்கலாம். எண் தெரியாததால் வழக்கம்போலச் சாப்பிடுவீர்கள். அதனால் மருத்துவருக்கு உங்கள் உண்மையான இரண்டு வாரம் கிடைக்கும்.

இரண்டாவது, கைப்பேசியைக் கையருகே கொண்டுபோனால் எண் காட்டுவது. 2014இல் ஐரோப்பாவில் வந்த முதல் தலைமுறை லிப்ரே இப்படிப்பட்டது. அது தானாக அலாரம் அடிக்காது. எட்டு மணி நேரத் தரவைத்தான் நினைவில் வைத்திருக்கும். இரவு பத்து மணிக்குப் பார்த்துவிட்டுக் காலை ஏழு மணிக்குப் பார்த்தால் இடையில் ஒரு மணி நேரம் வரைபடத்தில் வெற்றிடமாக இருக்கும். படுக்கப் போகும்போதும் எழுந்தவுடனும் தவறாமல் காட்டிப் பழகியவர்களுக்கு இது பயன்படும்.

மூன்றாவது, எண்ணைத் தானாகவே கைப்பேசிக்கு அனுப்பி, இறங்கினாலும் ஏறினாலும் அலாரம் அடிப்பது. லிப்ரே 2 பிளஸ், லிப்ரே 3, டெக்ஸ்காம் ஜி6, ஜி7, மெட்ரானிக் கார்டியன் எல்லாம் இந்த வகையில் வரும்.

இன்சுலின் போடுபவர்கள், அதிலும் சர்க்கரை இறங்குவது முன்கூட்டி உணர்வில் தெரியாமல் போனவர்கள், தனியாகத் தூங்குபவர்கள், சிறு குழந்தைகள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு மூன்றாவது வகைதான் வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை. பல ஆண்டு நீரிழிவுக்குப் பிறகு வியர்வையும் நடுக்கமும் வராமலேயே சர்க்கரை 50க்கு இறங்கிவிடும். எனக்கு அப்படித்தான். அலாரம் இல்லாத சென்சாரால் விடியற்காலை மூன்று மணிக்கு எனக்கு ஒரு பயனும் இல்லை. மாத்திரையில் சர்க்கரை நிதானமாக இருக்கும் எழுபது வயதுப் பெரியவருக்கு அதே அலாரம் தேவையில்லாத பதற்றம். அவர் ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு வாரம் ஒட்டிப் பார்த்தால் போதும்.

கடைக்குப் போனால் "லிப்ரே கொடுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். பெயருக்குப் பின்னால் எந்த எண் இருக்கிறது, பிளஸ் உண்டா, புரோவா என்று பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். ஒரே பெயரில் மூன்று விதமான வேலை செய்யும் பொருள்கள் இருக்கின்றன.

கருவிகளை அருகருகே வைத்துப் பார்த்தால்

டொரண்டோவில் இருக்கும் என் அண்ணன் மகனுக்கும் முதல் வகை நீரிழிவு. அவன் டெக்ஸ்காம் ஜி7 போடுகிறான், நான் லிப்ரே. விடுமுறைக்கு அவன் வரும்போது சாப்பாட்டு மேசையில் இரண்டு கைப்பேசிகளும் அருகருகே இருக்கும். எங்கள் பேச்சில் அடிக்கடி அடிபடும் வேறுபாடுகளைச் சொல்கிறேன்.

ஒட்டிய பிறகு முதல் எண் வர லிப்ரேவுக்கு ஒரு மணி நேரம், ஜி7க்கு அரை மணி நேரம், பழைய ஜி6க்கு இரண்டு மணி நேரம். லிப்ரே 2, 3 பதினான்கு நாள். பிளஸ் வகைகள் பதினைந்து நாள். ஜி7 பத்து நாள், அதற்குமேல் மாற்றிக்கொள்ளப் பன்னிரண்டு மணி நேர அவகாசம் தருகிறது. இதன் பதினைந்து நாள் வடிவத்துக்கு 2025 ஏப்ரலில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கார்டியன் 4 ஏழு நாள். விலையை ஒப்பிடும்போது ஒரு பெட்டியின் விலையைப் பார்க்காமல், அதை நாள் கணக்கால் வகுத்துப் பாருங்கள். பத்து நாள் சென்சார் மாதத்துக்கு மூன்று, பதினைந்து நாள் சென்சார் இரண்டு.

ஜி7இல் எனக்குப் பிடித்தவை இரண்டு. அடுத்த இருபது நிமிடத்துக்குள் 55க்கு இறங்கப்போகிறது என்றால் இறங்குமுன்பே எச்சரிக்கும். இன்னொன்று, விரலில் குத்திப் பார்த்த எண்ணை உள்ளிட்டுச் சென்சாரைத் திருத்த முடியும். லிப்ரே 2, 3இல் அந்தத் திருத்தம் கிடையாது. தொழிற்சாலையிலேயே அளவு திருத்தி வருகிறது, அதுவே இறுதி. ஒரு சென்சார் தொடக்கம் முதலே இருபது, முப்பது குறைவாகக் காட்டினால் அதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். லிப்ரேவில் எனக்குப் பிடித்தது, ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை அளப்பது. டெக்ஸ்காம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கிறது.

வீட்டார் பார்க்கும் வசதி இரண்டிலும் உண்டு. டெக்ஸ்காமில் பத்துப் பேர் வரையும், லிப்ரேலிங்க்அப் செயலியில் இருபது பேர் வரையும் ஒருவரின் எண்ணைத் தொலைவிலிருந்து பார்க்கலாம். என் அண்ணி இரவுப் பணியில் இருக்கும்போதும் மகனின் அளவைப் பார்த்துக்கொண்டிருப்பார். வெளியூரில் தனியாக இருக்கும் பெற்றோருக்காக வாங்குகிறீர்கள் என்றால் இதுதான் முக்கியமான வசதி. வாங்குவதற்கு முன் அம்மா அப்பாவின் கைப்பேசி அந்தச் செயலியின் ஆதரவுப் பட்டியலில் இருக்கிறதா என்று நிறுவனத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். கைப்பேசி ஒத்துவராமல் பெட்டி பிரிக்காமலே கிடக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பொத்தான் கைப்பேசிதான் இருக்கிறது என்றால், எண்ணைப் படித்துக் காட்ட தனியாக விற்கும் ரீடர் கருவி அந்த மாதிரிக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள்.

ஊசிக்குப் பதில் உடம்பில் மாட்டிக்கொண்டு இன்சுலின் செலுத்தும் கருவியான இன்சுலின் பம்ப் போடுபவர்களுக்குத் தேர்வு குறைவு. எந்தப் பம்ப்பு எந்தச் சென்சாரோடு பேசும் என்பது அந்தந்த நிறுவனம் வகுத்தது. மெட்ரானிக் 780ஜி பம்ப் கார்டியன் 4ஓடு இணைந்து தானாக இன்சுலின் அளவைக் கூட்டிக் குறைக்கும். பம்ப்பை முதலில் முடிவு செய்யுங்கள், சென்சார் அதன் பின்னால் வரும்.

எவர்சென்ஸ் என்று ஒன்று, தோலுக்கு அடியில் மருத்துவர் சிறு கீறல் போட்டு வைப்பது. ஓராண்டு நீடிக்கும் வடிவத்துக்கு 2024இல் அமெரிக்க அனுமதி வந்தது. ஒட்டும் பசை ஒத்துக்கொள்ளாத அங்குள்ள நோயாளிகளுக்கு அது ஒரு வழி.

துல்லியத்தைப் பற்றி விளம்பரங்கள் மார்டு என்ற ஒரு சதவீதத்தைச் சொல்லும். ஒப்பீட்டு இரத்தப் பரிசோதனையிலிருந்து சென்சார் சராசரியாக எவ்வளவு விலகுகிறது என்பதே அது. முதல் லிப்ரேவுக்கு 11.4, லிப்ரே 2க்கு 9.2, லிப்ரே 3க்கு 7.9, ஜி6க்கு 9, ஜி7ஐக் கையில் ஒட்டினால் 8.2 என்று அந்தந்த நிறுவனத்தின் ஆய்வுகள் சொல்கின்றன. குறைவாக இருந்தால் நல்லது. ஆனால் எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில் தேர்ந்தெடுத்துக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். அவை வெவ்வேறு நோயாளிகள்மேல் வெவ்வேறு விதமாக நடந்த ஆய்வுகள். 9 சதவீதம் என்றால் இரத்தத்தில் 200 இருக்கும்போது சராசரியாக 18 முன்பின் காட்டும். 182 என்றாலும் 218 என்றாலும் நீங்கள் செய்யப்போவது பெரிதாக மாறாது. 60ஐ 80 என்று காட்டினால்தான் ஆபத்து. ஆகவே 70க்குக் கீழே அது எவ்வளவு சரியாக அளக்கிறது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒட்டும் இடம்

பெரும்பாலான சென்சார்கள் மேல்கையின் பின்புறம் ஒட்டுவதற்கானவை. இதில் நம் ஊர்ப் பெண்களுக்கு ஒரு தனிச் சிக்கல். ரவிக்கைக் கையின் விளிம்பு முடியும் இடமும் சென்சாரின் இடமும் பெரும்பாலும் ஒன்றே. தைத்த விளிம்பு இறுக்கமாக இருந்தால், ரவிக்கையைக் கழற்றும்போது அந்த மடிப்பு சென்சாரின் ஓரத்தில் மாட்டி ஒரே இழுப்பில் பெயர்த்துவிடும். ஐந்தாயிரம் ரூபாய் தரையில் கிடக்கும். ஒட்டுவதற்கு முன் வழக்கமாக உடுத்தும் ரவிக்கையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று, விளிம்பு எங்கே வருகிறதென்று பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டு விரல் மேலேயோ கீழேயோ ஒட்டுங்கள். கழற்றும்போது சென்சார் இல்லாத கையை முதலில் எடுத்துவிட்டு, மற்றக் கைப்பக்கத் துணியை விரலால் தூக்கிப் பிடித்து உருவுங்கள்.

அடுத்தது எண்ணெய். தேங்காய் எண்ணெய் தடவிய தோலில் எந்தப் பசையும் நிற்காது. எண்ணெய்க் குளியல் வழக்கம் உள்ளவர்கள் சென்சார் மாற்றும் நாளுக்கு முந்தைய நாள் குளித்துவிடுங்கள். ஒட்டும் நாளில் வாசனை, ஈரப்பசை சேர்க்காத சாதாரணச் சோப்பால் அந்த இடத்தைக் கழுவி, துடைத்து, ஸ்பிரிட் பஞ்சால் ஒருமுறை தேய்த்து, ஈரப் பளபளப்பு முழுவதும் போகும்வரை காத்திருங்கள். மின்விசிறியை அணைத்துவிட்டு வேர்க்காத நேரத்தில், விடியற்காலையில், ஒட்டுவது என் வழக்கம். கருவியை அழுத்தியதும் 'டக்' என்று சத்தம் வரும். வலி எறும்புக்கடி அளவுகூட இல்லை. ஒட்டும் கருவியை எடுத்த பிறகு பசையின் ஓரத்தை விரலால் சுற்றிச் சுற்றி அரை நிமிடம் அழுத்துங்கள். சித்திரை வெயிலில் ஓரம் எழும்பினால் மேலே ஒட்டும் துணி நாடாவைப் பயன்படுத்தலாம். நடுவில் துளை இருந்தால் அதை மட்டும் மூடிவிடாதீர்கள். இன்சுலின் ஊசி போடும் இடத்திலிருந்து மூன்று அங்குலமாவது தள்ளி இருக்கட்டும்.

எந்தக் கையில் என்பதைத் தூங்கும் பழக்கம் முடிவு செய்யட்டும். சென்சார் இருக்கும் கையை அழுத்திப் படுத்தால் அந்த இடத்துத் திரவ ஓட்டம் தடைப்பட்டு, இல்லாத தாழ்வைக் காட்டும். வரைபடத்தில் இதை அடையாளம் காணலாம். சமமாகப் போய்க்கொண்டிருந்த கோடு சுவர்போல நேராகக் கீழே விழும், புரண்டு படுத்ததும் எதுவும் சாப்பிடாமலே பழைய இடத்துக்கு ஏறிவிடும். உண்மையான தாழ்வு பெரும்பாலும் சரிவாக இறங்கும். சந்தேகம் வந்தால் விரலில் பாருங்கள்.

தோல் சிவந்து கொப்புளம் வந்தால் பொறுத்துக்கொண்டு அதே பிராண்டைத் தொடராதீர்கள். சென்சார்களில் இருந்த ஐசோபோர்னைல் அக்ரிலேட் என்ற வேதிப்பொருள் சிலருக்கு ஒவ்வாமை தருவதைத் தோல் மருத்துவர்கள் 2017இலேயே கண்டறிந்தார்கள். ஒருமுறை ஒவ்வாமை உண்டானால் அது தங்கிவிடும். தோல் மருத்துவரைப் பார்த்துவிட்டு அடுத்த பெட்டியை வாங்குங்கள்.

மருந்து, வெயில், போலி

மழைக்காலத்தில் சளி பிடித்தால் சப்பிச் சாப்பிடும் 500 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரை வாங்குவோம். நாளைக்கு அந்த அளவைத் தாண்டினால் லிப்ரே 2, 3 சென்சார்கள் உள்ளதைவிட அதிகமாகக் காட்டக்கூடும். பொய்யான 240ஐ நம்பி இன்சுலின் போட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பாராசிட்டமால் பழைய டெக்ஸ்காம் மாதிரிகளையும் கார்டியனையும் ஏமாற்றும். ஜி6, ஜி7இல் பெரியவர்கள் ஆறு மணி நேரத்துக்கு ஒரு கிராம் வரை எடுக்கலாம். சில இரத்த நோய்களுக்குத் தரும் ஹைட்ராக்சியூரியா என்ற மருந்தை எடுப்பவர்கள் டெக்ஸ்காம், மெட்ரானிக் எண்களை நம்பக் கூடாது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் எதையும் வாங்காதீர்கள். எம்ஆர்ஐ எடுக்கும் தேதி தெரிந்திருந்தால் அதற்குப் பிறகு புதிய சென்சாரை ஒட்டுங்கள்.

பெட்டியின்மேல் சேமிப்பு வெப்பநிலை அச்சிட்டிருக்கும். லிப்ரே 2க்கு 28 டிகிரி வரைதான். திருச்சியின் மே மாதத்தில் கூரியர் வண்டியில் ஒரு நாள் கிடந்தால் என்ன சூடு ஏறும் என்று யோசியுங்கள். கோடையில் குளிர்சாதன வசதி உள்ள மருந்துக் கடையில் நேரில் வாங்குவதே நல்லது.

கையில் கட்டினால் ஊசியே இல்லாமல் சர்க்கரை காட்டும் கடிகாரம், மோதிரம் என்று இரண்டாயிரம் ரூபாய்க்கு விற்கிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். தோலைத் துளைக்காமல் சர்க்கரையைத் தானாக அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. 2023இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) இண்டியாப் ஆய்வின்படி தமிழ்நாட்டில் 14.4 சதவீதத்தினருக்கு நீரிழிவு. இத்தனை பேரின் பயத்தை நம்பித்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. அந்த எண்ணைப் பார்த்து ஒருவர் இன்சுலின் போட்டுக்கொண்டால் உயிரே போகலாம்.

ஒட்டிய பிறகு

முதல் நாள் எண்ணை முழுவதும் நம்பாதீர்கள். தோல் காயத்துக்குப் பழக ஒரு நாள் ஆகும். பிறகு ஒவ்வொரு எண்ணுக்கும் பதறாமல், சர்க்கரை எந்தப் பக்கம் போகிறது என்று எண்ணின் அருகே காட்டும் அம்புக்குறியைப் பாருங்கள். 110 என்பது சமமான அம்போடு இருந்தால் நிம்மதி. கீழ்நோக்கிய அம்போடு இருந்தால், வண்டியை எடுக்கும் முன் எதையாவது சாப்பிட வேண்டிய நேரம்.

இரண்டு வாரம் மட்டும் ஒட்டப்போகிறவர்கள் திட்டமிட்டால் பணம் வீணாகாது. முதல் மூன்று நாள் எதையும் மாற்றாமல் சாப்பிடுங்கள். அதன் பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரு நாள் நான்கு இட்லி, இன்னொரு நாள் இரண்டு இட்லியும் கொண்டைக்கடலைச் சுண்டலும், மூன்றாம் நாள் நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டு இருபது நிமிட நடை. நேரத்தைக் குறித்து வையுங்கள். வெண்பொங்கல் எனக்கு முதல் ஒரு மணி நேரம் சாதுவாக இருக்கும். நெய்யின் கொழுப்பு செரிமானத்தைத் தாமதப்படுத்துவதால் மூன்றாவது மணி நேரத்தில்தான் ஏறும். இரண்டு மணி நேரம் கழித்து விரலில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் இது எனக்குத் தெரிய வழியே இல்லை.

கடைசியில் அறிக்கையில் 70க்கும் 180க்கும் இடையில் இருந்த நேரத்தைப் பாருங்கள். 2019இல் உலக நிபுணர்கள் வகுத்த இலக்கின்படி அது 70 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும், 70க்குக் கீழே இருந்த நேரம் 4 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். முதியவர்களுக்கு இலக்கு தளர்வு. 50 சதவீதம் போதும், ஆனால் தாழ்வு 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு எல்லை 63 முதல் 140 வரை. மருந்து அளவை நீங்களே மாற்றாமல் இந்த அறிக்கையை அச்சிட்டு மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.

பெட்டியைத் தூக்கி எறிவதற்கு முன் அதன் தொகுதி எண்ணையும் வரிசை எண்ணையும் படம் எடுத்து வையுங்கள். லிப்ரே 3, 3 பிளஸ் வகையில் சில சென்சார்கள் நீண்ட நேரம் குறைவாகக் காட்டுகின்றன என்று 2025 நவம்பரில் லிப்ரேவைத் தயாரிக்கும் அபாட் நிறுவனமே எச்சரிக்கை வெளியிட்டது. இப்படி அறிவிப்பு வரும்போது உங்களுடையது அதில் இருக்கிறதா என்று பார்க்க அந்த எண் தேவைப்படும். நாள் முடியுமுன் சென்சார் செயலிழந்தாலும் அதே எண்ணைத்தான் கேட்பார்கள். வாடிக்கையாளர் சேவைக்குக் கூப்பிட்டு, ஒட்டிய தேதி, திரையில் வந்த பிழைச் செய்தி, அதே நேரத்தில் விரலில் பார்த்த எண் மூன்றையும் சொல்லி மாற்றுச் சென்சார் கேளுங்கள். பழையதைத் திருப்பி அனுப்பச் சொல்லலாம், அதுவரை அதை ஒரு காகித உறையில் போட்டு வைத்திருங்கள்.